லவீனா ஏறாத வண்டி

வெண்டெல் ஹாக்கின் வீட்டு வாசலில் அழைப்பு மணி ஒன்று இருந்தது. அதை யாரும் அழுத்தி அவர் கேட்டதில்லை. அவரைத் தேடி வருகிறவர்கள் எல்லாரும் ஆமிஷ்காரர்கள், பழைய முறையிலேயே வாழும் ஒரு கிறிஸ்தவச் சபையினர். வீட்டில் மின்சாரம் வைத்துக்கொள்ளாதவர்களுக்குப் பொத்தானைப் பார்த்தால் அழுத்தத் தோன்றாது போல. விரல் முட்டியால் கதவைத்தான் தட்டுவார்கள். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, பிறகு ஒரு கனைப்பு. மனைவி ஐலீன் இறந்துபோன பிறகு ஒன்பது வருஷமாக அந்தத் தட்டலுக்காகத்தான் அந்த மனிதர் காலையில் எழுந்து சவரம் செய்துகொண்டார். இதை அவரிடம் யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்.

முப்பத்தொரு வருஷம் பால் லாரி ஓட்டியவர். ஒஹாயோவின் அந்த மலைப்பகுதியில் எந்தப் பண்ணைக்கு எந்த வளைவில் திரும்ப வேண்டும் என்பதை அவர் உடம்பே அறியும். ஓய்வு பெற்ற பின் பன்னிரண்டு பேர் உட்காரக்கூடிய வேன் ஒன்று வாங்கினார். ஆமிஷ்காரர்கள் கார் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அடுத்தவன் ஓட்டுகிற காரில் ஏறுவதில் அவர்களுக்குத் தடையில்லை. பல் பிடுங்க, அக்காள் பிரசவத்துக்கு, இண்டியானாவில் கல்யாணத்துக்கு, பென்சில்வேனியாவில் சாவுக்கு என்று குதிரை போய்ச் சேர முடியாத இடத்துக்கெல்லாம் வெண்டெலின் வேன் போனது. போகிற வழியெல்லாம் பின்சீட்டில் அவர்கள் தங்கள் ஜெர்மன் பேச்சில் கதையடித்துச் சிரித்துக்கொண்டே வருவார்கள். இவருக்கு அதில் பாதி புரியாது. புரிந்த பாதி தன்னைப் பற்றித்தான் இருக்கும் என்று சந்தோஷமாக நினைத்துக்கொள்வார்.

போன வசந்தத்தில் அவருடைய கண்ணின் நடுவில் ஒரு சாம்பல் பொட்டு விழுந்தது. முதலில் மூக்குக்கண்ணாடியில் அழுக்கு என்று துடைத்தார். அது கண்ணாடியில் இல்லை. பொட்டு மெல்லப் பெரிதாகி, எதை நேராகப் பார்க்கிறாரோ அதை மட்டும் தின்றது. முகத்தைப் பார்த்தால் முகம் இல்லை, காதும் தோளும்தான் இருந்தன. கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தால், போனால் போகிறதென்று முகம் ஓரத்திலிருந்து எட்டிப் பார்க்கும். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இனிமே வண்டி ஓட்டக் கூடாது, ஹாக். இன்னியிலேருந்து," என்றார். வெண்டெல் தலையாட்டிவிட்டு, வேனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கதவை யார் தட்டுவார்கள்? மகள் அரிசோனாவில் இருக்கிறாள், கிறிஸ்துமஸுக்கு போன் செய்வாள். அவ்வளவுதான் அவருடைய உறவு. ஆகவே பொய் சொல்லிப் பிழைத்தார். ஊருக்குள் பழகின ரோட்டில் மட்டும் பகலில் ஓட்டினார். நகரத்துக்குப் போக வேண்டும் என்று யாராவது வந்தால் கியர் பெட்டி சரியில்லை, டயர் தேய்ந்துவிட்டது என்று வேனின் மேல் பழியைப் போட்டார். ஆளைத் தெரியவில்லை என்பது அவ்வளவு பெரிய சிக்கலாக இல்லை. எல்லா ஆண்களுக்கும் ஒரே தொப்பி, ஒரே தாடி. கண் நன்றாக இருந்த காலத்திலேயே அவர் பாதிப் பேரைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்.

அடுத்த பண்ணை மென்னோ கெய்முடையது. நாற்பது வருஷப் பழக்கம். வெண்டெலின் நிலத்தையும் மென்னோதான் குத்தகைக்கு எடுத்து உழுதார். அவர் வேலியோரம் கோவேறு கழுதைகளை நிறுத்திவிட்டு வம்பு பேசுவது தினசரி வழக்கம்.

"உன் வேன் என் நாலு கழுதையும் தின்கிறதைவிட அதிகமாத் தின்னுது, வெண்டெல்."

"தின்னா என்ன, ரோட்டுல சாணி போடறதில்லையே."

"அந்தச் சாணி இல்லேன்னா நீ சோளம் தின்ன முடியாது."

மென்னோவின் மனைவி லவீனாவுடையது வேறு வகைப் பழக்கம். அவர்கள் வீட்டில் மின்சாரம் இல்லை என்பதால் அவளுடைய ஃப்ரீசர் வெண்டெலின் வீட்டுக் கார் கொட்டகையில் இருந்தது. பிணப்பெட்டி அளவுக்கு நீளமான வெள்ளைப் பெட்டி. சோளம், பீன்ஸ், பன்றி இறைச்சி, பீச் பழம் எல்லாம் பையில் கட்டி, தேதி எழுதி அடுக்கியிருப்பாள். வாரத்துக்கு இரண்டு முறை வருவாள். ஐலீன் புற்றுநோயில் கிடந்த கடைசி நாலு மாதம் தினமும் காலையில் வந்து, ஃப்ரீசரைத் திறக்கிற சாக்கில் அப்படியே உள்ளே போய், அவளுக்குத் தலை வாரிவிட்டுப் போனாள். மருந்தில் உதிர்ந்தது போக மிச்சம் இருந்த முடியை, மிச்சமே இல்லாதது போல அவ்வளவு மெதுவாக வாருவாள். வெண்டெல் அதை மறக்கவில்லை.

மென்னோ வீட்டில் ஒரு ரணம் இருந்தது. கடைசி மகன் ரூபன், ஞானஸ்நானம் வாங்கி ஏழு வருஷம் சபையில் இருந்துவிட்டு, இருபத்தாறாவது வயதில் வெளியே போய்விட்டான். கூரை போடும் வேலை, ஒரு பிக்கப் வண்டி, டவுனில் வாடகை வீடு. ஞானஸ்நானத்துக்கு முன்னால் போயிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். வாக்குக் கொடுத்த பிறகு போனதால் சபை அவனை விலக்கி வைத்தது. அப்படி வைக்கும்போது உறுப்பினர் ஒவ்வொருவரையும் கேட்பார்கள். ஆண்களைக் கேட்டார்கள், பெண்களைக் கேட்டார்கள். லவீனாவின் முறை வந்தபோது அவளும் சரி என்றாள். அன்றிலிருந்து அவனோடு ஒரே மேஜையில் சாப்பிடக் கூடாது. அவன் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது. அவன் ஓட்டுகிற வண்டியில் ஏறக் கூடாது. பேசலாம்.

"சொந்தப் பிள்ளையாச்சே, மென்னோ," என்று வெண்டெல் ஒரு தடவை கேட்டுவிட்டார்.

"அதனாலதான்," என்றார் மென்னோ. அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை.

ஆனாலும் சனிக்கிழமைகளில் ரூபன் வெண்டெலின் சமையலறையில் வந்து உட்காருவான். அதே சனிக்கிழமைகளில் லவீனாவுக்கு ஃப்ரீசரில் வேலை இருக்கும். சமையலறைக்கும் கார் கொட்டகைக்கும் நடுவில் உள்ள கதவு திறந்தே இருக்கும். அவள் அங்கே பைகளைப் புரட்டிக்கொண்டு கேட்பாள், இவன் இங்கே காப்பியைக் கலக்கிக்கொண்டு பதில் சொல்வான். கொண்டுவந்ததை மேஜையில் வைத்துவிட்டு அவன் கையை எடுத்த பிறகு அவள் வந்து எடுத்துக்கொள்வாள். வெண்டெல் நடுவில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். கண் போன பிறகும் பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவதை விடவில்லை.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மென்னோ வைக்கோல் பரணிலிருந்து விழுந்தார். கீழே இருக்கிற மாடுகளுக்கு வைக்கோல் தள்ளுவதற்காகப் பரணில் ஓட்டை வைத்திருப்பார்கள். ஓட்டையின் மேல் வைக்கோல் பரவிக் கிடந்தது. நாற்பது வருஷம் மிதித்த பரண், எங்கே ஓட்டை என்று காலுக்குத் தெரியும் என்று நம்பியிருப்பார். பதினாலு அடி. கீழே சிமெண்ட் தரை.

மூத்த மருமகள் பனியில் ஓடிவந்து வெண்டெலின் கதவைத் தட்டினாள். அன்று தட்டியது மூன்று தட்டு அல்ல. போன் செய்தார்கள், ஆம்புலன்ஸ் வந்தது, வந்தவர்கள் பார்த்துவிட்டு ஹெலிகாப்டர் கேட்டார்கள். அது வெண்டெலின் அறுத்த சோளக்காட்டில் வந்து இறங்கி, பனியைப் புழுதி போலக் கிளப்பி, மென்னோவைத் தூக்கிக்கொண்டு கொலம்பஸ் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. லவீனாவுக்கு அதில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவள் காட்டின் நடுவில் ஏப்ரனோடு நின்றாள்.

"ரூபனுக்கு ஒரு போன் போட்டுடுங்க, வெண்டெல்," என்றாள். "அவனும் தெரிஞ்சுக்கணும்."

ரூபன் இருபது நிமிஷத்தில் வந்துவிட்டான். எஞ்சினை நிறுத்தவில்லை. பிக்கப்பின் மறுபக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். லவீனா அதற்குள் தலையை மூடும் கறுப்பு பானெட்டும் சால்வையும் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். திறந்த கதவைப் பார்த்தாள், ஏறவில்லை.

"அம்மா, ஒன்றரை மணி நேரத்துல கொண்டுபோய்ச் சேத்துடறேன். ஏறு."

"வேணாம்டா."

"அப்பா சாகக் கிடக்காரும்மா. இந்த நேரத்துலயும் பிஷப் என்ன சொல்வாரோன்னா பாப்பே?"

"பிஷப் இல்லடா. மண்டி போட்டுச் சரின்னு சொன்னது நான்தான். அவரு வாயாலயா சொன்னேன்?"

"அப்ப அதே வாயால இப்ப இல்லேன்னு சொல்லு. ஒரு நாளைக்கு."

அவள் பிக்கப்பைவிட்டு ஓரடி தள்ளி நின்றாள். முகம் சுண்ணாம்பாக இருந்தது என்று ரூபன் பின்னால் சொன்னான். வெண்டெலுக்கு அந்த இடத்தில் சாம்பல்தான் தெரிந்தது. மற்ற டிரைவர்கள் இருவருக்கும் போன் செய்து பார்த்தாயிற்று. ஒருவர் குளிருக்குப் பயந்து ஃப்ளோரிடாவில் இருந்தார். இன்னொருவர் ஒரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு இண்டியானாவுக்குப் போயிருந்தார். லவீனா இந்தப் பக்கம் திரும்பினாள்.

"வெண்டெல், உங்க வேன் ஓடுதில்ல?"

ஓடாது என்று சொல்வதற்கு ஒரு விநாடி இருந்தது. வேன் ஓடும், எனக்குத்தான் கண் தெரியாது என்று சொல்லியிருந்தால் அந்த நாளே வேறாகப் போயிருக்கும். நல்ல மனிதர்தான். ஆனால் நாற்பது வருஷமாகக் கேட்காத குரலில் ஒருத்தி உதவி கேட்கிறாள், தன்னால் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதில் பாதி அன்பு. மீதிப் பாதி, கதவைத் தட்ட இனி யாரும் இல்லாமல் போய்விடுவார்களே என்ற பயம். இரண்டையும் பிரித்துப் பார்க்க அவர் பிறகு எத்தனையோ நாள் முயன்றார்.

"ஓடும்," என்றார். "கோட்டை எடுத்துட்டு வரேன்."

கிளம்பும்போது பதினொன்று நாற்பது. லவீனா பின்னால் உட்கார்ந்தாள். ரூபன் பிக்கப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வேனின் முன்சீட்டில் ஏறினான். முதல் பத்து மைல் பால் லாரி ஓடின ரோடு. வெண்டெல் அதைத் தொடையாலும் முதுகாலும் ஓட்டினார். ஆனால் பனி ரோட்டையும் காட்டையும் ஒன்றாக்கியிருந்தது. வேலிக்கம்பங்கள் மட்டும் ஓரத்தில் வந்து வந்து போயின.

"வெண்டெல், நிறுத்துங்க. ஸ்டாப் பலகை."

"தெரியுது."

"தெரியலை. தாண்டிட்டீங்க." ரூபன் அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். கண் ரோட்டில் இல்லை. கோழி பார்ப்பது போலத் தலையைச் சாய்த்து, ஓரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அவன் குரலைத் தாழ்த்தினான். "எத்தனை நாளா?"

"வசந்தத்துலேருந்து."

"ஐயோ கடவுளே. ஓரங்கட்டுங்க. நான் ஓட்டறேன்."

"நீ உக்காந்தா அவ இறங்கிடுவா. இறங்கி நடப்பா. அவளைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

ரூபன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். லவீனா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. ஜெபமாக இருக்கும். ரூபன் முன்பக்கம் திரும்பினான்.

"கொஞ்சம் இடது," என்றான் பிறகு. "போதும். அப்படியே பிடிங்க."

இப்படியாக ஒருவன் கண்ணும் இன்னொருவர் கையுமாக அந்த வேன் போனது. கை பயந்த கை. முப்பது மைல் வேகத்தைத் தாண்டவில்லை. சரிவுகளில் பதினைந்து. பெரிய ரோட்டில் ஏறியதும் லாரிகள் ஹாரனை அமுக்கிக்கொண்டு, வேனை ஆட்டிவிட்டுப் போயின. ஒவ்வொரு லாரிக்கும் வெண்டெலின் தோள்கள் காதுவரை ஏறின. இரண்டு தடவை ரூபனே ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்க வேண்டி வந்தது. ஒரு தடவை ஓரத்தில் நிறுத்திவிட்டு, லாரிக் கூட்டம் கடந்து போகும்வரை உட்கார்ந்திருந்தார்கள். என்ன ஆச்சு என்று பின்னாலிருந்து லவீனா கேட்கவில்லை. அவள் ஏன் கேட்கவில்லை என்று அப்போது இருவரும் யோசிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு இன்னும் பதினெட்டு மைல் இருக்கும்போது ரூபனின் கைபேசி அடித்தது. அவன் கேட்டான், "சரி" என்றான், மறுபடியும் "சரி" என்றான். பிறகு பின்பக்கம் திரும்பி அவர்கள் ஜெர்மனில் இரண்டே வார்த்தை சொன்னான். வெண்டெலுக்குப் புரிந்த பாதியில் அது இருந்தது.

லவீனா அழவில்லை. "போங்க வெண்டெல். அவரு தனியா இருப்பாரு," என்றாள்.

போய்ச் சேரும்போது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. ஒரு நர்ஸ் வந்து லவீனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இளம்பெண். என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று இன்னும் பழகாதவள். "ரெண்டு மணி வரைக்கும் நினைவோடதான் இருந்தாரு. பேசிட்டே இருந்தாரு. ஆனா அவரு பேசினது எங்க யாருக்கும் புரியலை. உங்க பாஷை போல. உங்க பேரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாரு," என்றாள்.

ரூபன் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். அந்தப் பேச்சைப் புரிந்துகொண்டிருக்கக்கூடிய இரண்டே பேர் அப்போது முப்பது மைல் வேகத்தில் வந்துகொண்டிருந்தார்கள். கிழவன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தான். வெண்டெல் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்தார், அந்த வார்த்தையில்.

நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஆமிஷ் உறவினர்கள் வந்து லவீனாவைப் பார்த்துக்கொண்டார்கள். வண்டிகள் நிறுத்துமிடத்தில் வெண்டெல் சாவியை ரூபனிடம் நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான். வேனைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுவர ஒன்றரை மணி நேரம்தான் ஆனது. அதே பனி, அதே ரோடு. கடிகாரம் இருவர் கண்ணுக்கு முன்னாலும்தான் இருந்தது. வெண்டெலுக்கு அதன் எண்கள் தெரியவில்லை, அவர் கேட்கவும் இல்லை. ஆனால் பால் லாரிக்காரனுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரிய எண் தேவையில்லை.

அடக்கத்துக்கு முந்நூறு பேர் வந்தார்கள். கொட்டகையில் பெஞ்சு போட்டுப் பந்தி பந்தியாகச் சாப்பாடு. ரூபனுக்குத் துணி துவைக்கும் அறையில் ஒரு சின்ன மேஜை போட்டு, சுத்தமான துணி விரித்து, தட்டு நிறைய வைத்திருந்தார்கள். அவனை யாரும் அவமதிக்கவில்லை. அதுதான் அதில் கொடுமை. வெண்டெல் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு தடவித் தடவி அங்கே போய் உட்கார்ந்தார்.

"நீங்க அந்தப் பக்கம் சாப்பிடலாமே," என்றான் ரூபன்.

"எனக்கு இங்க வெளிச்சம் பரவாயில்லை," என்றார் வெண்டெல்.

அடுத்த வாரம் லைசென்ஸைக் கொண்டுபோய் ஒப்படைத்தார். வேனை விற்றார். அவருக்குக் கண் போய்விட்டது என்ற சேதி பள்ளத்தாக்கு முழுக்கப் பரவியது. ஆமிஷ் ஊரில் போன் இல்லாமலே சேதி எப்படி அவ்வளவு வேகமாகப் போகிறது என்பது இன்னும் யாருக்கும் விளங்கவில்லை. யாரும் கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவைத் தட்டவும் இல்லை. தட்டுவதற்கு என்ன இருக்கிறது? வண்டி கேட்க முடியாது. ஆறுதல் சொல்ல வந்தால் எதற்கு ஆறுதல் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

ரூபன் மட்டும் சனிக்கிழமை வந்தான். லவீனா வரவில்லை. நடுக்கதவு திறந்தே இருக்க, கார் கொட்டகையில் ஃப்ரீசர் தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருக்கும். ஏழு வாரம் அப்படிப் போனது. ஒருநாள் மருமகன்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து, தொப்பியைக் கழற்றி மரியாதையாக நின்று, அந்தப் பெட்டியைத் தூக்கிப்போய் வேறு யார் வீட்டிலாவது வைப்பார்கள் என்று வெண்டெல் எதிர்பார்த்தார். தினமும் மத்தியானம்வரை காத்திருப்பார். அவர்கள் வராத ஒவ்வொரு நாளையும் ஒரு நாள் மிச்சம் என்று வைத்துக்கொள்வார். இவ்வளவுக்குப் பிறகும் எப்படி ஆசைப்படத் தோன்றுகிறது என்று தன்மேலேயே அவருக்கு வெறுப்பு வந்தது.

மார்ச்சில் பனி உருகிச் சகதியாகக் கிடந்த ஒரு காலையில் கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு. கனைப்பு இல்லை. திறந்தார். கறுப்பாக ஒரு உருவத்தின் ஓரம் நின்றது.

"சோளம் எடுக்கணும்," என்றாள் லவீனா.

எடுத்தாள். பெட்டி மூடும் சத்தம் கேட்டது. உடனே போய்விடுவாள் என்று நினைத்தார். அவள் சமையலறைக்குள் வந்து, பையை மேஜையில் வைத்துவிட்டு, ரூபன் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தாள். வெண்டெல் எழுந்து காப்பி ஊற்றினார். விரலைக் கோப்பைக்குள் விட்டு அளவு பார்த்து ஊற்றினார். இனி மறைக்க என்ன இருக்கிறது.

"லவீனா, நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு எனக்குக் கண்ணு—"

"தெரியும்."

"இப்ப எல்லாருக்கும் தெரியும். நான் சொல்றது அன்னிக்கு—"

"அன்னிக்கே தெரியும், வெண்டெல். அக்டோபர்ல, ஆப்பிள் காய்ச்சற காலத்துலேருந்தே தெரியும். நான் பீன்ஸ் எடுக்க வந்தேன். ஆணியில தொங்கின கோட்டைப் பாத்து, 'வா மென்னோ, உள்ள வா'ன்னீங்க. அது பதில் சொல்லலைன்னு வருத்தம் வேற பட்டீங்க."

வெண்டெல் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "தெரிஞ்சா ஏன் என் வேன்ல ஏறினே?"

லவீனா கோப்பையைத் தட்டில் இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குக் கண்ணு தெரியாதுன்னு நான் வாயைத் திறந்து சொல்லியிருந்தா, அப்புறம் இருக்கறது அவன் வண்டி மட்டும்தான். ஏறணுமா வேணாமான்னு நான்தான் முடிவு பண்ணணும். நீங்க ஓடும்னீங்க. எனக்கு அது வசதியாப் போச்சு. முடிவு பண்ணவேண்டியதில்லை பாருங்க. வழியெல்லாம் அவன் உங்களுக்கு இடது வலது சொன்னதை ஒரு வார்த்தை விடாம கேட்டுட்டுத்தான் வந்தேன்."

வெளியே கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் இதைச் சொல்ல மட்டும் வரவில்லை என்று அவருக்குப் பட்டது. சரியாகத்தான் பட்டது.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள். "யாரைக் கேட்டாலும் கடவுள் சித்தம்ங்கறாங்க. அது எனக்கும் தெரியும். நான் கேக்கறது ரோட்டுக் கணக்கு. அது உங்களுக்குத்தான் தெரியும். அன்னிக்கு ரூபன் ஓட்டியிருந்தா எத்தனை மணிக்குப் போயிருப்போம்?"

வெண்டெலுக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். ஏழு வாரமாக விடிந்ததும் முதலில் போடுவது அந்தக் கணக்கைத்தான். முதுகை நிமிர்த்தி, அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

"பனி அப்படி இருந்துது, லவீனா. யார் ஓட்டினாலும் அதே நேரம்தான் ஆயிருக்கும்."

அவள் கோப்பையைத் திருப்புவதை நிறுத்தினாள்.

"உண்மையைச் சொல்றப்போ எல்லாம் நீங்க என் காதைப் பாத்துப் பேசறீங்க," என்றாள். "அப்பத்தான் என் முகம் தெரியும்போல உங்களுக்கு. இப்ப நேரா பாக்கறீங்க. நேரா பாத்தா நான் தெரிய மாட்டேன்ல?"

அவர் மெல்லத் தலையைச் சாய்த்தார். சாம்பலின் ஓரத்திலிருந்து பானெட்டின் விளிம்பு வந்தது. பிறகு கன்னம் வந்தது, பிறகு ஒரு கண். இந்த ஏழு வாரத்தில் அவள் மிகவும் இளைத்துப்போயிருந்தாள்.

"ஒண்ணேகால்," என்றார். "ஒண்ணேகாலுக்குப் போயிருப்பீங்க."

"ரெண்டு மணி வரைக்கும் பேசிட்டிருந்தாராம்."

"ஆமா."

"முக்கால் மணி நேரம்," என்றாள் லவீனா. அதையே மறுபடியும் தங்கள் ஜெர்மனில் சொன்னாள், சொன்னது தன் காதிலேயே விழ வேண்டும் என்பது போல. "என்ன சொன்னாரோ."

அவள் எழுந்தாள். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவுவரை போய், அங்கே நின்றாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று வெண்டெலும் எழுந்தார். அவள் கதவைத் திறந்தாள். படியில் இறங்கும் சத்தமும், சகதியில் காலணி புதையும் சத்தமும் கேட்டன. காட்டுப்பக்கம் போகப்போக அவை தேய்ந்துபோயின.

வெகுநேரம் கழித்துக் கோப்பைகளை எடுக்கலாம் என்று மேஜையைத் தடவியபோது கையில் சில்லென்று பட்டது. சோளப் பை. எடுக்க வந்ததை விட்டுவிட்டுப் போயிருந்தாள். மேலே லேசாக உருகத் தொடங்கியிருந்தது. வெண்டெல் அதை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு கார் கொட்டகைக்குப் போய், பெட்டியைத் திறந்து, தொட்டுத் தொட்டு அதன் பழைய இடத்தைக் கண்டுபிடித்து வைத்து மூடினார். அவள் வந்து கேட்டால் கெட்டுப்போகாமல் இருக்க வேண்டுமே.